பொய்ப்பல்லின் மெய் வரலாறு

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் நாட்டுப் பழமொழி. இது வெறும் கேலிப் பேச்சன்று. இலக்கணத்தோடு ஒட்டிய உண்மை. நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தினால்தான் தகரமும் நகரமும் பிறக்கும். மேற்பல் கீழிதழைத் தொட்டால்தான் வகரம் பிறக்கும். எழுத்துகளின் பிறப்பைக் கூறவந்த தொல்காப்பியரும் பல்லுக்கு உரிய இடத்தை அளித்திருக்கிறார். முன்பல் இழந்த முதியவர் ஒருவர் "தந்தை" என்று சொல்ல முயல்வதைக் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சொல் மட்டுமா போகிறது? சோறு மெல்லும் ஆற்றல் போகிறது, கன்னம் குழிகிறது, நாலுபேர் நடுவே வாய்விட்டுச் சிரிக்கும் துணிவும் போகிறது.

இழந்த பல்லுக்கு மாற்றாக மனிதன் எவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தான் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். "அரசர்களும் போர்களும் இருக்க, பொய்ப்பல்லுக்கு ஒரு வரலாறா?" என்று மாணவர்களாகிய நீங்கள் வியக்கலாம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடங்களுள் ஒன்று. உங்கள் பாட்டனாரின் பல்செட்டு உங்களுக்குத் தெரிந்த பொருள். அதைப் பற்றிக்கொண்டு பின்னோக்கி நடந்தால், அரசர்களும் போர்களும் அடிமை வாழ்வும் நீதிமன்ற வழக்குகளும் நம் எதிரே வந்து நிற்கக் காண்போம். நடக்கும்போது ஒரு வினாவை மட்டும் மறவாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் வாயில் வைத்த பல், யாரிடமிருந்து, எதிலிருந்து வந்தது?

இத்தாலி நாட்டில் உரோமர் தலையெடுப்பதற்கு முன்னர் எத்துருஸ்கர் என்னும் மக்கள் வாழ்ந்தனர். பொன் வேலையில் கைதேர்ந்தவர்கள். இற்றைக்கு ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட அவர்களுடைய கல்லறைகளில், பொற்பட்டையால் பிணைக்கப்பட்ட பற்கள் கிடைத்துள்ளன. மெல்லிய பொன் தகட்டை வளையமாக்கி, நல்ல பற்களின்மேல் மாட்டி, இடையில் விழுந்த பல்லுக்குப் பதிலாக வேறொரு பல்லைப் பொருத்தினர். இன்று பல் மருத்துவர்கள் "பிரிட்ஜ்" என்று சொல்லும் பாலத்திற்கு அதுவே பாட்டி எனலாம். உரோமரும் இக்கலையைக் கற்றுக்கொண்டனர். கி.மு. 450ஆம் ஆண்டையொட்டி எழுந்த அவர்களுடைய பன்னிரு பலகைச் சட்டம், பிணத்தோடு பொன்னைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்று தடுத்தது. ஆனால், பல்லைக் கட்டிய பொன்னுக்கு மட்டும் விலக்கு அளித்தது. சட்டம் ஒரு பொருளைக் குறிப்பிட்டு விலக்கு அளிக்கிறது என்றால், அப்பொருள் நாட்டில் வழங்கி வந்தது என்பது பொருள். வரலாற்று மாணவன் சட்ட நூலைப் படிக்கவேண்டிய முறை இதுதான்.

அடுத்து, கிழக்கே சப்பான் நாட்டிற்குச் செல்வோம். அங்கே வாக்கயாமா என்னும் ஊரில் நகாவோக்கா தேய் என்ற பௌத்தத் துறவியார் வாழ்ந்தார். 1538இல் மறைந்த அவ்வம்மையாருடைய மரப் பல்வரிசை இன்றும் பாதுகாக்கப்படுகிறது. முழு மேற்பல்வரிசையும் ஒரே மரத்துண்டில் செதுக்கப்பட்டது. சப்பானியக் கைவினைஞர் தேன்மெழுகால் வாயின் அச்செடுத்து, அவ்வச்சுக்கேற்ப மரத்தைக் குடைந்தனர். அண்ணத்தோடு அம்மரம் இடைவெளியின்றிப் பொருந்தியமையால், கம்பியோ வில்லோ இன்றி, உமிழ்நீரின் மென்படலத்தாலேயே அது வாயில் ஒட்டி நின்றது. ஈரக் கண்ணாடித் துண்டுகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், தத்துவம் அதுவே. இதனை ஐரோப்பியர் நன்கு பயன்படுத்தத் தொடங்குவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே சப்பானியர் கைக்கொண்டுவிட்டனர் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது. மரம் எவரிடமிருந்தும் பறித்ததன்று என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவின் கதை வேறு. கப்பல்கள் ஏற்றிவந்த சர்க்கரை மலிந்தது. செல்வர் வீட்டுப் பற்கள் சொத்தையாயின. 1728இல் பியேர் போஷார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் பல் மருத்துவத்தைப் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அவரை அத்துறையின் தந்தை என்பர். மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் எஃகு வில்லால் இணைத்து, வில்லின் விசையால் மேல்வரிசை விழாமல் நிற்கச் செய்யும் முறையை அவர் விளக்கினார். பல் செய்யப் பயன்பட்டவை யானைத் தந்தமும் நீர்யானைத் தந்தமும் ஆகும். இவை உயிருள்ள பல்லைப் போலவே உமிழ்நீரில் ஊறி, நிறம் மாறி, அழுகி நாறத் தொடங்கும். ஆகவே தந்தத்தாலான அடிப்பகுதியில் உண்மையான மனிதப் பற்களையே பதிப்பது சிறந்ததெனச் செல்வர்கள் எண்ணினர். இங்கேதான் நம் கையிலுள்ள வினா கூர்மையாகிறது.

இங்கிலாந்தின் தலைசிறந்த அறுவை மருத்துவர்களுள் ஒருவர் சான் ஹண்டர். மனிதப் பற்களின் இயற்கை வரலாற்றை 1771இல் நூலாக எழுதியவர். மனிதப் பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் நட்டு, அது பற்றிக்கொள்கிறதா என்று சோதித்துப் பார்த்தவர். ஒருவர் வாயிலிருந்து பிடுங்கிய பல்லைச் சூடு ஆறுமுன் மற்றொருவர் வாயில் நடலாம் என்னும் முறைக்கு அவர் ஆதரவு தந்தார். முதற்பல் பொருந்தாவிட்டால் இரண்டாவது பல் பொருந்தக்கூடும். எனவே பல் கொடுப்போர் பலரை அருகில் ஆயத்தமாக வைத்துக்கொள்வது நல்லது என்னும் கருத்தில் அவர் அறிவுரை எழுதியிருக்கிறார். அப்பலர் யார்? ஏழைச் சிறுவரும் சிறுமியரும். பொருந்தாத பல்லைப் பறிகொடுத்த பிள்ளைக்கு அப்பல் மீண்டும் முளைக்கப்போவதில்லை. தாமஸ் ரோலண்ட்சன் என்னும் ஓவியர் 1787இல் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று இக்காட்சியை நம் கண்முன் நிறுத்துகிறது. புகைபோக்கி துடைக்கும் ஏழைச் சிறுவனின் பல் பிடுங்கப்படுகிறது. சீமாட்டி பக்கத்தில் காத்திருக்கிறாள். பல் கொடுத்துவிட்ட பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியேறுகின்றனர்.

இவ்வாறு நட்ட பற்கள் சில காலமே நின்றன. பல்லோடு சேர்ந்து கொடிய நோய்களும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதாக அஞ்சப்பட்டது. காலப்போக்கில் அம்முறை கைவிடப்பட்டது. சிறந்த அறிவாளியும் பிறர் துன்பத்தைக் காணாமற் போகக்கூடும் என்பதற்கு இது சான்று.

அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர் சார்ச்சு வாஷிங்டன் மரப்பல் கட்டியிருந்தார் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பொய். அவருடைய பல்வரிசைகளை ஆராய்ந்து பார்த்தாயிற்று. அவற்றில் மரம் இல்லை. 1789ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள் அவர் பதவியேற்றபோது அவர் வாயில் எஞ்சியிருந்த சொந்தப் பல் ஒன்றே. மற்றவை நீர்யானைத் தந்தம், விலங்குப் பல், மனிதப் பல் ஆகியவற்றால் ஆனவை; ஈயமும் பொன்னும் வில்லுகளும் அவற்றைத் தாங்கின. வில் இரு வரிசைகளையும் விலக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். வாய் திறந்துவிடாமல் தாடையை இறுக்கிப் பிடித்திருக்கவேண்டும். அமெரிக்க ஒரு டாலர் தாளில் உதடுகளை இறுக மூடிய முகத்தோடு அவர் காட்சியளிப்பதை உற்று நோக்குங்கள்.

அம்மனிதப் பற்கள் எங்கிருந்து வந்தன? வாஷிங்டனின் பண்ணைக் கணக்குப் புத்தகத்தில் 1784ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு வரி காணப்படுகிறது. மருத்துவர் ஒருவரின் பொருட்டு, கறுப்பினத்தவருக்கு 9 பற்களுக்காக 6 பவுன் 2 ஷில்லிங் கொடுத்ததாக அவ்வரி கூறுகிறது. அம்மருத்துவர் வாஷிங்டனின் பல்லைக் கவனித்து வந்த பிரெஞ்சுக்காரர். முன்பற்களை விலைக்கு வாங்குவதாகச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தவர். பல் கொடுத்தவர்கள் பண்ணையில் அடிமைகளாக உழைத்தவர்கள். அவர்களுடைய பெயர்கள் அவ்வரியில் இல்லை. "விலை கொடுத்துத்தானே வாங்கினார்கள்?" என்று ஒருவர் கேட்கலாம். தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாத ஒருவரிடம், விற்பாயா மாட்டாயா என்று கேட்பதற்கு என்ன பொருள்? விடுதலைப் போரை வென்ற பெருந்தலைவரின் வீட்டுக் கணக்கில் இவ்வரியும் இருக்கிறது. தலைவரின் பெருமையையும் இவ்வரியையும் ஒருங்கே மனத்திற் கொள்ளக் கற்பதே வரலாற்றுக் கல்வி. ஒன்றை மறைத்து மற்றொன்றைச் சொல்வது வரலாறன்று.

1815இல் வாட்டர்லூப் போர்க்களத்தில் நெப்போலியன் தோற்றான். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் களத்தில் மாண்டு கிடந்தனர். அவர்களுடைய பற்கள் இளமையும் உறுதியும் வாய்ந்தவை. பிணங்களைக் கொள்ளையடித்தவர்கள் இடுக்கியோடு வந்து அப்பற்களைப் பறித்து விற்றனர். பிறகு, போர்க்களத்தில் எடுத்த பற்களுக்கெல்லாம் "வாட்டர்லூப் பற்கள்" என்றே பெயர் வழங்கலாயிற்று. கல்லறைத் திருடர்களும் இவ்வணிகத்தில் பங்கு கொண்டனர். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போதுகூட, இறந்த வீரர்களின் பற்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின.

இக்கொடுமைக்கு முடிவு கட்டியது எது? அறநூல் அறிவுரைகளைவிட விரைந்து உதவியது பீங்கான் சூளை. பாரிசுக்கு அருகில் துய்ச்சாத்தோ என்ற மருந்து வணிகர் ஒருவர் இருந்தார். தந்தத்தாலான தம் பல்வரிசை மருந்துகளின் வாடையையெல்லாம் உறிஞ்சி நாறுவதைப் பொறுக்கமாட்டாமல், தம் கடையின் பீங்கான் கலங்களைப் பார்த்தார். அவை கறைபடுவதில்லை, நாறுவதில்லை. 1774இல் அவர் பீங்கானால் பல்வரிசை செய்ய முயன்றார். சூளையில் வெந்ததும் பீங்கான் சுருங்கி, அளவு தவறிப்போயிற்று. துய்புவா தெ ஷெமான் என்னும் பல் மருத்துவர் அக்குறையைப் பலவாறு திருத்தி, 1789இல் பிரெஞ்சு மன்னரிடம் அதற்குரிமை பெற்றார். புரட்சியின் சூறாவளியில் அவர் இலண்டனுக்குப் பெயர்ந்து அங்கே தொழிலைத் தொடர்ந்தார். 1808இல் போன்சி என்னும் இத்தாலியர், பல்வரிசை முழுவதையும் ஒரே கட்டியாக வார்ப்பதை விட்டு, ஒவ்வொரு பல்லையும் தனித்தனியே சுட்டு, பிளாட்டினக் கொக்கி பதித்து, அடிப்பகுதியோடு பற்றவைக்கும் வழியைக் கண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலண்டனில் கிளாடியஸ் ஆஷ் என்னும் பொற்கொல்லரின் நிறுவனமும், அமெரிக்காவில் ஸ்டாக்டன் ஒயிட் என்பாரின் நிறுவனமும் பீங்கான் பற்களைப் பெருவாரியாகச் செய்து விற்றன. பிணத்தின் பல்லுக்கு மதிப்புக் குறைந்தது.

ஆயினும் ஏழைக்கு அது இன்னும் எட்டாக்கனியே. பல் மலிந்தாலும், பல்லைத் தாங்கும் அடிப்பகுதி பொன்னாலோ தந்தத்தாலோ ஆகவேண்டியிருந்தது. அந்நிலையை இரண்டு கண்டுபிடிப்புகள் மாற்றின. முதலாவது, மயக்க மருந்து. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கி அறுவை செய்யலாம் என்பதை வில்லியம் மார்ட்டன் ஊரறியக் காட்டினார். மார்ட்டன் யார்? பொய்ப்பல் கட்டும் பல் மருத்துவர். வேர்களைப் பிடுங்கும் வலிக்கு அஞ்சி மக்கள் பல் கட்டிக்கொள்ளத் தயங்கியதே அவரை அம்மருந்தைத் தேடத் தூண்டியது. உலகம் முழுவதும் அறுவை மருத்துவத்திற்குக் கிடைத்த பெருங்கொடை பொய்ப்பல் தொழிலின் வாயில் வழியாகவும் வந்தது என்பது வியப்பன்றோ!

இரண்டாவது, இரப்பர். சார்லஸ் குட்இயர் 1839இல் இரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டார். அவருடைய தம்பி நெல்சன், 1851இல் அதனைக் கட்டையைப் போலக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வல்கனைட் எனப்பட்ட இப்பொருளை அச்சில் இட்டு நீராவியில் வேகவைத்தால், வாயின் மேடுபள்ளங்களுக்கேற்ப அப்படியே உருக்கொள்ளும். பீங்கான் பல்லும் வல்கனைட் அடியும் சேர்ந்தபோது, வரலாற்றில் முதன்முறையாகச் சாதாரணத் தொழிலாளியும் பல் கட்டிக்கொள்ள வழி பிறந்தது.

அங்கும் ஓர் இடையூறு முளைத்தது. 1864இல் பல்வரிசைக்கு வல்கனைட்டைப் பயன்படுத்தும் காப்புரிமை ஒன்று வழங்கப்பட்டது. அதனை வாங்கிய நிறுவனம், அமெரிக்கப் பல் மருத்துவர் ஒவ்வொருவரும் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டும் என்றது. செலுத்தாதவர்மேல் வழக்குத் தொடுத்தது. உச்ச நீதிமன்றமும் அந்நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. அதன் பொருளாளர் சோசையா பேக்கன், கட்டணம் செலுத்தாதவரை ஊர் ஊராகத் துரத்தினார். 1879ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோவில், சாமுவேல் சால்பன்ட் என்னும் பல் மருத்துவர் அவரைச் சுட்டுக் கொன்றார். கொலை எந்நிலையிலும் குற்றமே. சால்பன்ட் சிறை சென்றார். 1881இல் காப்புரிமை காலாவதியானதும், வல்கனைட் எல்லோருக்கும் பொதுவாயிற்று. கண்டுபிடித்தவர் பயன்பெறவேண்டும், பொதுமக்களுக்கும் அது எட்டவேண்டும். இவ்விரண்டையும் எவ்வாறு ஒருங்கிணைப்பது என்னும் சிக்கல், இன்றைய மருந்துகளின் விலையைப் பற்றிப் பேசும்போதும் நம்முன் நிற்கிறது.

1930களில் அக்ரிலிக் என்னும் செயற்கைப் பிசின் வந்தது. ஈறின் நிறத்தையே ஒத்த அப்பொருள், இருண்ட சிவப்பு வல்கனைட்டை விரைவில் ஓரங்கட்டியது. உங்கள் பாட்டனார் இரவில் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவைக்கும் பல்செட்டு பெரும்பாலும் அதுவே. 1948 சூலையில் பிரிட்டனில் தேசிய நல்வாழ்வுத் திட்டம் தொடங்கியபோது, பல்செட்டை மக்கள் கட்டணமின்றிப் பெற்றனர். நெடுங்காலம் பல்லின்றி வாழ்ந்த ஏழைகள் மருத்துவர் வாயிலில் திரண்டனர். செலவு மிகுந்தமையால் 1951இல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு முனைந்தது. அத்திட்டத்தை அமைத்த அமைச்சர் அனூரின் பெவன் அதை எதிர்த்துப் பதவி துறந்தார். பொய்ப்பல்லின் பொருட்டு அமைச்சரவையே ஆட்டங்கண்டது! ஏழையின் வாய்க்குப் பல் வைப்பது யார் கடமை என்பதே அங்கு எழுந்த வினா.

இறுதியாக எலும்போடு ஒன்றும் பல். மத்திய அமெரிக்காவின் ஒண்டுராசு நாட்டில் 1931இல் பழந்தாடையெலும்பு ஒன்று கிடைத்தது. அது மாயா நாகரிகத்தைச் சேர்ந்தது, ஏறத்தாழ கி.பி. 600ஆம் ஆண்டினது. அதில் மூன்று கீழ்ப்பற்களின் இடத்தில், பல்லைப்போல் செதுக்கிய சிப்பித் துண்டுகள் பதிந்திருந்தன. பின்னர் ஊடுகதிர்ப் படம் எடுத்து நோக்கியபோது, அவற்றைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது. அக்கைவினைஞர் செய்ததன் காரணத்தை அறிவியல் விளக்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். சுவீடன் நாட்டுப் பெர்-இங்வார் பிரானெமார்க் என்னும் ஆராய்ச்சியாளர், 1952இல் முயலின் கால் எலும்பில் குருதியோட்டத்தைக் காண டைட்டானியத்தாலான சிறு கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கருவியைக் கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அவ்வுலோகத்தோடு ஒன்றிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆராய்ச்சிக்கு ஏற்பட்ட தடையே ஆராய்ச்சிப் பொருளாகிவிட்டது! பதின்மூன்று ஆண்டுகள் சோதனைகள் செய்தபின், 1965இல் மனிதத் தாடையில் டைட்டானிய ஆணிகளைப் பதித்தார். அந்த முதல் நோயாளி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், தம் இறுதிவரை, அவற்றைப் பயன்படுத்தினார். 1982இல் தொராந்தோ மாநாட்டிற்குப் பின் உலகம் இம்முறையை ஏற்றது.

இன்று பல் இழந்தவர் முன்னே மூன்று வழிகள் உள்ளன. கழற்றி மாட்டும் பல்செட்டு முதலாவது, செலவு குறைவு, ஆனால் பல்வேரின் வேலையின்றித் தாடையெலும்பு ஆண்டுதோறும் கரைவதால், நாளடைவில் தளரும். பக்கத்துப் பற்களைத் தூணாகக் கொண்டு கட்டும் பாலம் இரண்டாவது, உறுதியானது, ஆனால் தூணாகும் நல்ல பற்களை அராவ வேண்டியிருக்கும். எலும்பில் ஆணி பதிக்கும் இம்பிளாண்ட் மூன்றாவது. இயற்கைப் பல்லுக்கு மிக அணுக்கமானது. ஆனால் போதிய எலும்பும் பல மாதப் பொறுமையும் மிகுந்த பொருளும் வேண்டும். புகைபிடிப்போருக்கும், கட்டுப்படாத நீரிழிவு உடையோருக்கும் அது தோல்வியடையும் வாய்ப்பு மிகுதி. எது பொருந்தும் என்பதை மருத்துவரே கூறவேண்டும்.

நம் நாட்டிலும் இக்கலைக்கு உழைத்தோர் உண்டு. அமெரிக்காவில் பயின்று திரும்பிய டாக்டர் ரபியுதீன் அகமது, 1920இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதற் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1948இல் பல் மருத்துவர் சட்டம் இயற்றப்பட்டது. 1953இல் சென்னையில் அரசு பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. பல் பிடுங்கும் தெருவோரத் தொழில், சட்டமும் கல்வியும் காக்கும் மருத்துவமாக வளர்ந்தது இவ்வாறுதான்.

இனி, கையிலிருந்த வினாவுக்கு வருவோம். வாயில் வைத்த பல் எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் ஏழைப் பிள்ளையின் வாயிலிருந்து வந்தது. அடிமையின் வாயிலிருந்து வந்தது. போர்க்களத்துப் பிணத்தின் வாயிலிருந்து வந்தது. இன்று மண்ணிலிருந்தும் பிசினிலிருந்தும் உலோகத்திலிருந்தும் வருகிறது. எவருடைய வாயையும் வெறுமையாக்காமல் ஒருவர் வாயை நிரப்ப அறிவியல் நமக்குக் கற்றுத்தந்துவிட்டது. ஆனால், நல்ல பல் பணமுள்ளவருக்கே என்னும் நிலை இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. அதை நீக்குவது சூளையாலும் உலோகத்தாலும் ஆகாது. மருத்துவம் பயிலப்போகும் உங்களாலும், சட்டம் இயற்றப்போகும் உங்களாலும் ஆகவேண்டியது. அதுவரை, காலையும் இரவும் பல் துலக்கி, இயற்கை கொடுத்த முப்பத்திரண்டையும் காத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு நிகரான மாற்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.